குளிர்ந்த மூளையே குடும்பத்துக்கு உகந்தது

வீட்டுக்கு ஒரு பசு வாங்க எண்ணும் குடும்பத்தார் அதன் கொம்பின் அழகைக் கண்டு மயங்குவதில்லை. எவ்வளவு கறக்கும், எவ்வளவு தின்னும், நம் மலைக்குளிரைத் தாங்குமா என்று மூன்று கேள்விகளைக் கேட்டு, விடை திருப்தியளித்தாலன்றிக் கயிற்றைக் கையில் வாங்குவதில்லை. ஆனால் கணினி வாங்கப் புகும்போது மட்டும் இந்த விவேகம் நம்மை விட்டு எங்கோ ஒளிந்துகொள்கிறது. கடைக்காரர் "இதுதான் மிக வேகமானது" என்று சொன்ன மாத்திரத்திலேயே பணப்பை திறந்துவிடுகிறது. அது எவ்வளவு மின்சாரத்தைத் தின்னும், எவ்வளவு வெப்பத்தைக் கக்கும் என்று கேட்பார் அரியர்.

இன்று நுவரெலியா, ஹட்டன், தலவாக்கலைப் பக்கத்து வீடுகளில் தொலைக்காட்சிப் பெட்டியின் பின்னே ஒரு சிறு கணினியை வைத்துக்கொள்ளும் ஆசை பரவி வருகிறது. மாலையில் திரைப்படம், பாட்டியாருக்குப் பக்திப் பாடல், இளைஞருக்குக் கிரிக்கெட், பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்குப் பாடக் காணொளி ஆகிய இத்தனையையும் கையகலப் பெட்டியொன்று தந்துவிடுகிறது. ஆசை நியாயமானதே. 2020ஆம் ஆண்டில் பாடசாலைகள் மூடப்பட்டபோது, வீட்டில் ஒரு திரையும் ஒரு கணினியும் இல்லாத பிள்ளைகள் பட்ட பாட்டை மலைநாடு நன்கறியும். ஆயினும், கொழுந்துக் கூடையில் சேர்த்த காசையோ, கொழும்பில் வேலை செய்யும் மகன் அனுப்பிய காசையோ கொண்டு ஒரே ஒரு முறைதான் இத்தகைய பொருளை வாங்க முடியும். அந்த ஒரு முறை தவறினால், மறுபடி வாங்கப் பல ஆண்டுகள் காத்திருக்க நேரும். ஆதலால் பெட்டியின் மூளையாகிய புரொசெசரை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதை இங்கே சற்று விரிவாக ஆராய்வோம்.

வானொலி கற்பித்த பாடம்

குறைந்த மின்னழுத்தமும் குறைந்த வெப்பமும் வீட்டுக்கு என்ன நன்மை செய்யும் என்பதை நம் மக்கள் முன்னமே ஒருமுறை கண்டிருக்கின்றனர். இலங்கையில் 1925ஆம் ஆண்டில் வானொலி ஒலிபரப்பு ஆரம்பமாயிற்று. அக்காலத்து வானொலிப் பெட்டிகள் கண்ணாடி வால்வுகளால் இயங்கின. ஒவ்வொரு வால்வுக்குள்ளும் ஓர் இழை செந்தணலாய்க் கனன்றுகொண்டே இருக்க வேண்டும். அதற்கொரு மின்கலமும், வால்வின் தகட்டுக்கு அறுபது, தொண்ணூறு வோல்ட் தரும் வேறொரு பெரிய மின்கலமும் தேவைப்பட்டன. மின்சாரம் எட்டாத லயத்தில் அதனைக் கட்டி ஆள்வது எளிதான காரியமன்று. தோட்டத்தில் ஒருவர் வீட்டு வானொலியை ஊரே கேட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் 1947இல் பார்டீன், பிராட்டெய்ன் என்னும் இருவர் டிரான்சிஸ்டரை இயக்கிக் காட்டினர். அவர்களுக்கும் ஷாக்லி என்பாருக்கும் 1956இல் நோபல் பரிசு கிடைத்தது. கனல வேண்டிய இழை இதில் இல்லை; ஆகவே வீணாகும் வெப்பமும் பெருமளவு இல்லை. 1954இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ரீஜென்சி என்னும் கையடக்க வானொலி நான்கே டிரான்சிஸ்டர்களால் பாடிற்று. அடுத்த ஆண்டு ஜப்பானின் சோனி நிறுவனமும் தன் டிரான்சிஸ்டர் வானொலியை வெளியிட்டது. சில ஆண்டுகளில் டார்ச் விளக்குக்கு இடும் பற்றரியைக் கொண்டே பாடும் வானொலி குடிசைகளுக்குள்ளும் நுழைந்தது. வால்வு வானொலியை வென்றது உரத்த சத்தமன்று. சிக்கனமும் குளிர்ச்சியுமே அதனை வென்றன. இன்றைய கணினிக்கும் இதே நியாயம் பொருந்தும். கணினியின் மூளை என்பது கோடிக்கணக்கான அந்த டிரான்சிஸ்டர்களின் தொகுதியேயன்றி வேறன்று.

வெப்பம் பிறக்கும் விதம்

புரொசெசர் ஏன் சூடாகிறது? உள்ளிருக்கும் டிரான்சிஸ்டர்கள் ஒரு வினாடியில் நூற்றுக் கோடிக்கணக்கான முறை திறந்து மூடுகின்றன. ஒவ்வொரு முறையும் ஒரு துளி மின்னேற்றம் நிரம்பி வடிகிறது. இவ்வாறு செலவாகும் சக்தி, துடிப்பின் வேகம் இரட்டித்தால் இரண்டு மடங்காகும். மின்னழுத்தம் இரட்டித்தாலோ நான்கு மடங்காகும். ஏனெனில் அது வர்க்கமாய்ப் பெருகுவது. தலைகீழாய்ப் பார்த்தால், மின்னழுத்தத்தைப் பாதியாக்கினால் சக்திச் செலவு காற்பங்காகிவிடும். 'குறைந்த வோல்ட்' என்னும் சொல்லின் மகிமை முழுவதும் இந்தச் சிறு கணக்கிலேயே அடங்கியுள்ளது.

1993இல் வெளிவந்த முதலாவது பென்டியம் புரொசெசர் 5 வோல்ட்டில் இயங்கிற்று. இன்றையவை ஏறத்தாழ 1 வோல்ட்டிலும் அதற்குக் குறைவாயும் இயங்குகின்றன. ஐந்தில் ஒரு பங்கு மின்னழுத்தம் என்றால், ஒவ்வொரு துடிப்புக்கும் செலவு இருபத்தைந்தில் ஒரு பங்கு என்றாகிறது. டிரான்சிஸ்டரைச் சிறிதாக்கி மின்னழுத்தத்தையும் அதற்கேற்பக் குறைத்துக்கொண்டே போனால் வெப்பம் கட்டுக்குள் இருக்கும் என்று 1974இல் ஐபிஎம் நிறுவனத்தின் ராபர்ட் டென்னார்டும் அவர்தம் தோழர்களும் எழுதினர். முப்பது ஆண்டுகள் உலகம் அவ்வழியே சென்றது.

பின்னர் அவ்வழி அடைபட்டது. டிரான்சிஸ்டர் மிகச் சிறிதானபோது, மூடியிருக்கையிலும் அதில் மின்சாரம் கசியத் தொடங்கிற்று. ஓட்டைக் குடத்தில் நீர் நிற்காததைப் போல. மின்னழுத்தத்தை மேலும் குறைக்க இயலாமற் போயிற்று. இதனைப் பொருட்படுத்தாது வேகத்தையே துரத்திய இன்டெல் நிறுவனம், 2004இல் 'பிரெஸ்காட்' என்னும் பென்டியம் 4 வகையை வெளியிட்டது. அதன் உயர்ந்த ரகங்கள் 115 வாட் வெப்பத்துக்கேற்ற குளிர்விப்பை வேண்டின. ஒரு பழைய நூறு வாட் குண்டு விளக்கை உள்ளங்கையில் பாதியளவுத் தகட்டுக்குள் அடைத்தால் எப்படியிருக்கும்? அவ்வாண்டிலேயே, 4 கிகாஹேர்ட்ஸ் பென்டியம் 4ஐ வெளியிடும் எண்ணத்தை அந்நிறுவனம் கைவிட்டது. அதற்கு மாறாக, மடிக்கணினிக்கென 2003இல் வெளிவந்த 'பென்டியம் எம்' குறைந்த சக்தியில் நிறைந்த வேலை செய்தது. 2006இல் வந்த 'கோர்' வரிசை இந்தச் சிக்கனக்காரனின் வம்சத்தில் உதித்ததேயன்றி, அந்த நெருப்புக் கோழியின் வம்சத்தில் உதித்ததன்று. ஆமையும் முயலும் ஓடிய கதை தொழிற்சாலைகளிலும் நடப்பதுண்டு என்பதற்கு இது சான்று.

பெட்டியில் அச்சிட்ட எண்

புரொசெசரின் விவரத்தில் 6 வாட், 15 வாட், 35 வாட், 65 வாட் என்று ஓர் எண் காணப்படும். தொடர்ந்து வேலை செய்கையில் எவ்வளவு வெப்பத்தை அகற்றக் குளிர்விப்பான் ஆயத்தமாயிருக்க வேண்டும் என்பதைக் காட்டும் எண் அது. வாங்குவோர் முதலில் பார்க்க வேண்டியது இதுவே. ஆயினும் இதனை முற்றிலும் நம்பிவிடுதலும் கூடாது. அதற்குக் காரணங்கள் மூன்று உள.

முதலாவது, இவ்வெண் நிதானமான ஓட்டத்துக்குரியது, அவசர ஓட்டத்துக்குரியதன்று. இன்டெல்லின் கோர் ஐ3-12100டி என்பது 35 வாட் என்று பெயர் பெற்றது. ஆனால் வேகமெடுக்கும் சில கணங்களில் அது 69 வாட் வரை இழுக்க அந்நிறுவனமே இடமளித்துள்ளது.

இரண்டாவது, பெட்டியைக் கட்டுவோர் இந்த எல்லையைத் தம் விருப்பம்போல் உயர்த்திவிடுகின்றனர். 6 வாட் புரொசெசரை வாங்கி, அதனை 15 வாட்டுக்கும் அதற்கு மேலும் ஓடவிட்டு, "பாரீர் வேகம்!" என்று விற்போர் உளர். இயந்திரத்தின் பயாஸ் அமைப்புக்குள் புகுந்து இதனைக் குறைத்துக்கொள்ளலாம். கடையிலேயே அதைச் செய்து தரும்படி கேட்டு வாங்குவது உத்தமம்.

மூன்றாவது, மூளை ஒன்றே உடம்பன்று. 2008இல் இன்டெல் வெளியிட்ட 'ஆட்டம் 230' புரொசெசர் 4 வாட்டே கொண்டது. ஆனால் அதனோடு மேசைக்கணினிப் பலகைகளில் பொருத்தப்பட்ட துணைச் சில்லு 22 வாட்டைத் தின்றது! மாப்பிள்ளை சிறு தீனிக்காரர். கூட வந்த தோழர்தாம் பந்தியைக் காலி செய்தார். ஆதலின், சுவரிலுள்ள மின்செருகியில் மொத்தம் எவ்வளவு செல்கிறது என்பதே முடிவான கணக்கு.

ஒரே இனத்துப் புரொசெசரிலேயே 65 வாட் வகையும் 35 வாட் வகையும் எவ்வாறு வருகின்றன என்று வாசகர் வியக்கலாம். தேயிலைத் தொழிற்சாலையைக் கண்ட கண்களுக்கு இதில் வியப்பில்லை. ஒரே மலையின் கொழுந்து, ஒரே உருளையில் அரைபட்டு, ஒரே அடுப்பில் உலர்ந்து, சல்லடையில் பீஓபீ என்றும், பீஓபீஎஃப் என்றும், டஸ்ட் என்றும் தரம் பிரிகிறதன்றோ? அவ்வாறே ஒரே வார்ப்பில் பிறந்த சில்லுகளும் சோதிக்கப்பட்டுப் பிரிகின்றன. குறைந்த மின்னழுத்தத்தில் பிசகாமல் இயங்க வல்லவற்றுக்கு வேக எல்லை ஒன்று விதித்துத் தனிப் பெயர் சூட்டுகின்றனர். இன்டெல் மேசைக்கணினிப் புரொசெசர்களில் பெயரின் ஈற்றில் 'டி' என்ற எழுத்தும், ஏஎம்டியின் ரைசன் வகையில் 'ஜிஇ' என்ற எழுத்துகளும் இத்தகைய 35 வாட் இனத்தைக் குறிப்பன. ரைசன் 5 5600ஜி என்பது 65 வாட். 5600ஜிஇ என்பது 35 வாட்.

படம் காட்டும் தனிக் கண்

திரைப்படம் பார்ப்பதற்கு வேகமான மூளை வேண்டும் என்பது பலரது எண்ணம். உண்மை அதுவன்று. இணையத்தில் வரும் படம் சுருக்கிக் கட்டிய மூட்டை போன்றது. அதனை அவிழ்க்கும் வேலையை மூளையின் பொதுப்பகுதியே செய்தால் அது திணறிச் சூடாகும். அவிழ்ப்பதற்கென்றே தனிச் சுற்று உள்ளே இருந்தாலோ, அதே படம் சொற்ப சக்தியில் ஓடிவிடும். கை தேர்ந்த பெண் கொழுந்து பறிப்பதற்கும் புதிதாய் வந்தவர் பறிப்பதற்கும் உள்ள வேறுபாடு இங்கும் உண்டு.

மூட்டை கட்டும் முறைகள் பல. எச்264 என்பது பழையது. பெரும்பாலான இயந்திரங்கள் இதனை அவிழ்க்கும். அதற்குப் பின் எச்265, விபி9 என்பன வந்தன. 2018இல் ஏவி1 என்னும் முறை வெளியாயிற்று. குறைந்த தரவிலே நல்ல படம் தருவதால் இது பரவி வருகிறது. கைத்தொலைபேசிச் சிக்னலை நம்பியே இணையம் பெறும் தோட்டங்களுக்கு இது பெரிதும் உதவக்கூடியது. எனவே, தேர்ந்தெடுக்கும் புரொசெசருக்கு இந்நான்கையும் அவிழ்க்கும் தனிச்சுற்று உண்டா என்று கேட்டே வாங்க வேண்டும்.

இன்டெல் மேசைக்கணினிப் புரொசெசர்களில், 2015இன் ஆறாம் தலைமுறை எச்265ஐ ஓரளவே அவிழ்க்கும். 2017இன் ஏழாம் தலைமுறை எச்265, விபி9 இரண்டையும் நன்கு அவிழ்க்கும், ஏவி1ஐ அறியாது. பதினொன்றாம் தலைமுறை தொட்டே ஏவி1 கைவந்தது. 2023இன் தொடக்கத்தில் வந்த என்100 என்னும் சிறிய புரொசெசர் நான்கு முறைகளையும் அறிந்தது. நான்கு கருக்கள், 3.4 கிகாஹேர்ட்ஸ் வரை வேகம், அச்சிட்ட எண் 6 வாட் என்பன அதன் இலட்சணங்கள். அதன் உடன்பிறப்பு போன்ற என்95 என்பது 15 வாட். பெயர் ஒத்திருத்தலால் ஏமாறிவிடலாகாது. 2025இல் வந்த என்150 என்பது என்100இன் இளையவன். குணமும் ஏறத்தாழ அதுவே.

இங்கிலாந்தின் ராஸ்பெரி பை என்னும் சிறு பலகையையும் சிலர் நாடுகின்றனர். 5 வோல்ட்டில் இயங்குவது, மலிவு, சிறுவர்கள் கணினிக் கலை பயில மிக நல்லது. ஆனால் 2023இல் வந்த ஐந்தாம் வகையில் எச்265ஐ அவிழ்க்க மட்டுமே தனிச்சுற்று உண்டு. ஏனையவற்றை மூளையே அவிழ்க்க வேண்டும். சேமித்த படங்களைக் காட்ட அது போதும். இணையப் படங்களையே நம்பும் குடும்பத்துக்கு முதற் தெரிவாக அதனைச் சொல்ல நாம் துணியோம்.

மலைக்காற்றின் இயல்பு

கொழும்பிலிருந்து வரும் ஆலோசனைகளில் மலைக்காற்றைப் பற்றி ஒரு சொல்லும் இராது. நாம் அதனை மறத்தலாகாது. நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. அங்கே காற்றின் செறிவு கடற்கரையில் உள்ளதைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. தண்ணீரும் அங்கே 94 பாகை செல்சியஸ் அளவிலேயே கொதித்துவிடும்; பருப்பு வேகத் தாமதிப்பது ஏன் என்று இல்லத்தரசியர் அறிவர். மெல்லிய காற்று வெப்பத்தையும் மெல்லவே சுமந்து செல்லும். கணினி விசிறி அதே வேகத்தில் சுழன்றாலும் அள்ளிச் செல்லும் காற்றின் கனம் குறைவாகிறது.

மறுபுறம், நுவரெலியாவின் சராசரி வெப்பநிலை 16 பாகை அளவே. கொழும்பிலோ 27, 28 பாகை. கணக்குக்காக ஒன்று கொள்வோம்: விசிறியற்ற பெட்டி ஒன்று கொழும்பில் 28 பாகை அறையில் 35 பாகை மேலேறி 63 பாகை அடைகிறது. அதே பெட்டி நுவரெலியாவில் 18 பாகை அறையில், மெல்லிய காற்றின் காரணமாக 38 பாகை ஏறினாலும், 56 பாகையோடு நின்றுவிடும். ஆகவே மலைநாட்டான் நட்டப்பட்டானல்லன். கொழும்பில் விசிறி கேட்கும் புரொசெசர் இங்கே விசிறியின்றியும் வாழக்கூடும்.

விசிறி இல்லாமையை இவ்வளவு விரும்புவானேன்? புகையே காரணம். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில், விறகடுப்பும் படுக்கையும் ஒரே கூரையின் கீழ் அடுத்தடுத்து இருக்கையில், விசிறியானது புகைக்கரியையும் தூசியையும் இழுத்து உள்ளே அப்பிவிடுகிறது. ஓராண்டில் குளிர்விப்பானின் இடுக்குகள் கம்பளி போர்த்தது போலாகும். பின்னர் கணினி தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், படம் திக்கும். குறைந்த வாட் புரொசெசர் ஒன்றுக்கே விசிறியின்றி உலோகப் பெட்டியின் உடலாலேயே குளிரும் பாக்கியம் உண்டு. விசிறி உள்ள பெட்டியானால் ஆறு மாதத்துக்கொருமுறை திறந்து துடைத்தல் வேண்டும்.

மூடுபனியின் ஈரமும் பகையே. இரவெல்லாம் குளிர்ந்து கிடந்த இயந்திரத்தின்மேல், காலையில் சோற்றுப்பானையின் ஆவி பட்டால் பனித்துளி படியும். அடுப்புக்கு எதிர்ச் சுவரில் வைப்பதும், ஆவி நிறைந்த வேளையில் இயக்காதிருப்பதும் நலம். சிறிதளவு மின்சாரத்தில் நாள் முழுவதும் விழித்திருக்கும் பெட்டி இளஞ்சூடாகவே இருப்பதால் அதன்மேல் ஈரம் படியாது என்பதும் கவனிக்கத்தக்கது.

நம் நீர், நம் மின்சாரம், நம் கட்டணம்

இலங்கையின் நீர்மின்சாரத்தின் தாய்வீடு நம் மலைநாடே. 1918இல் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர, களனி கங்கையின் கிளைகளான கெஹெல்கமு ஓயா, மஸ்கெலி ஓயா என்பவற்றின் நீரைக் கொண்டு மின்சாரம் எடுக்கலாம் என்று கட்டுரை வாசித்தார். அந்தக் கனவு லக்சபானாவில் 1950இல் நனவாயிற்று. அவர் பெயராலேயே 1965இல் காசல்ரீ நீரைக் கொண்டு வேறொரு மின்நிலையம் எழுந்தது. 2012இல் தலவாக்கலையருகே மேல் கொத்மலைத் திட்டமும் இயங்கத் தொடங்கிற்று. 1982இல் ரூபவாஹினி பிறந்தபோது அதன் ஒளிபரப்புக் கோபுரம் நுவரெலியாவின் பீதுருதாலகால மலையுச்சியிலேயே நின்றது. மலைநாட்டு நீரும் மலைநாட்டு உச்சியும் நாட்டுக்கெல்லாம் ஒளியையும் படத்தையும் வழங்க, அம்மலையின் லயங்கள் பல நெடுங்காலம் குப்பி லாம்பின் வெளிச்சத்திலேயே கிடந்தன. பிந்தி வந்த மின்சாரத்தைச் சிந்தாமல் செலவிடுதல் நம் கடன்.

வீட்டு மின்கட்டணம் படிக்கட்டைப் போன்றது. 2025ஆம் ஆண்டின் அட்டவணையிலும் 30, 60, 90, 120, 180 அலகுகள் என்று படிகள் இருந்தன. 60ஐத் தாண்டிய வீட்டுக்கு முதல் அலகிலிருந்தே வேறு வீதம். இப்போது கணக்கைப் பார்ப்போம். பழைய மேசைக்கணினி ஒன்று சராசரி 60 வாட் வீதம் நாளொன்றுக்கு ஆறு மணி நேரம் ஓடினால், மாதத்தில் 10.8 அலகு. 10 வாட் சிறு கணினி அதே நேரம் ஓடினால் 1.8 அலகு. இடையே 9 அலகு. மாதம் 55 அலகு செலவிடும் குடும்பம் 57இல் நிற்குமா, 66க்கு ஏறுமா என்பதை இந்த ஒன்பதே நிர்ணயிக்கும். படி தாண்டினால் கட்டணம் ஒன்பது அலகுக்கு மட்டும் ஏறுவதன்று; முழுச் சீட்டும் ஏறும்.

மின்வெட்டும் நமக்குப் புதிதன்று. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்சாரம் நின்றது. 2025 பெப்ரவரி 9ஆந் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததால் நாடே இருளில் மூழ்கிற்று என்ற செய்தி உலகெங்கும் பேசப்பட்டது. இவ்வேளைகளில் 12 வோல்ட், 7 அம்பியர்-மணி கொண்ட ஒரு சிறு ஈய பற்றரி என்ன செய்யும்? அதன் முழுக் கொள்ளளவு 84 வாட்-மணி. பற்றரி கெடாதிருக்கப் பாதியையே எடுப்பதென்றால் 42. பத்து வாட் கணினிக்கு அது நான்கு மணி நேரம் போதும். அறுபது வாட் கணினிக்கு முக்கால் மணிக்கும் குறைவு. பல சிறு கணினிகள் 12 வோல்ட்டிலேயே இயங்குவதால் இன்வேர்ட்டரின் வீண்செலவையும் தவிர்க்கலாம். ஆனால் பற்றரியை நேரே இணைத்தல் ஆகாது. சார்ஜ் ஏறும்போது அதன் அழுத்தம் 14 வோல்ட்டையும் தாண்டும். நடுவே 12 வோல்ட்டை நிலைநிறுத்தும் ஒரு மாற்றி வேண்டும். தொலைக்காட்சித் திரைக்குத் தனிச் செலவு உண்டென்பதையும் கணக்கில் சேர்க்க.

இவையனைத்திலும் பெரிது ஒன்றுண்டு. லயத்தில் ஒரு காம்பராவில் பற்றிய நெருப்பு, ஒரே கூரையின் கீழுள்ள அயல் காம்பராக்களையும் கொண்டுபோகும். மின்கசிவே காரணமாயிருக்கலாம் என்ற செய்தியை நாம் எத்தனை முறை வாசித்துவிட்டோம்! பழைய கம்பிகளின்மேல் பாரத்தை ஏற்றாதிருப்பது நம் வீட்டுக்கு மட்டுமன்றி அடுத்த வீட்டுக்கும் செய்யும் உபகாரம். ஒரே செருகியில் பல கருவிகளை அடுக்குவதும், துணி மூடிய மூலையில் கணினியை ஒளித்துவைப்பதும் அறவே கூடாதன. சித்திரையிலும் ஐப்பசியிலும் இடி முழங்குகையில், கணினியையும் அன்டெனாக் கம்பியையும் கழற்றிவைப்பதை விடச் சிறந்த காவல் இல்லை.

எவருக்கு எது?

இனி முடிவுக்கு வருவோம். யூடியூப் பார்ப்பதும் பாட்டுக் கேட்பதுமே தேவையென்றால், தொலைக்காட்சியிலே இணைய வசதி இருக்குமாயின், கணினியே வேண்டாம். வாங்காத பொருளைப் போல் மலிவானது உலகில் இல்லை.

படமும் படிப்பும் ஒருங்கே வேண்டும் குடும்பத்துக்கு என்100 அல்லது என்150 புரொசெசர் கொண்ட சிறு பெட்டி உகந்தது. ரேம் நினைவகம் 8 கிகாபைட்டுக்குக் குறையாதிருக்கட்டும். 16 இருப்பின் இன்னும் நன்று. சும்மா இருக்கையில் பொதுவாக 6 முதல் 10 வாட், முழுச் சுமையில் 20 வாட்டுக்கு மேலும் இப்பெட்டிகள் எடுக்கும்.

பாரமான வேலை செய்யும் மாணவர்க்கு, அதாவது படத்தொகுப்போ பொறியியல் வரைபடமோ பயில்வோர்க்கு, 35 வாட் 'டி' அல்லது 'ஜிஇ' வகை ஏற்றது. அலுவலகங்கள் கழித்த சிறு கணினிகளில் இவை மலிவாய்க் கிடைக்கும். எட்டாம் தலைமுறைக்கு முந்திய இன்டெல்லாயின் சற்றே யோசிக்க. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்தது. விண்டோஸ் 11ஓ அவற்றை முறைப்படி ஏற்பதில்லை. லினக்ஸ் இட்டுக்கொள்ளச் சம்மதமானால் அவையும் நல்ல சேவை செய்யும். கோடி என்னும் இலவச மென்பொருளைச் சேர்த்தால் வீட்டுத் திரையரங்கு தயார்.

மின்னழுத்தத்தைத் தாமே பயாஸில் குறைக்க விரும்பும் இளைஞர்க்கு ஒரு வார்த்தை: எல்லாப் பெட்டியும் இதற்கு இடம் தராது. இடம் தருமாயின், சிறிது சிறிதாகக் குறைத்து, ஒவ்வொரு படியிலும் சில மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். இயந்திரம் தடுமாறினால் ஒரு படி மேலேறி நின்றுவிடுங்கள். அதிகமாய்க் குறைத்தாற் கணினி உறைந்து நிற்கும். எழுதிக்கொண்டிருந்த கோப்பும் கெடலாம். ஆதலின் பிள்ளையின் பாடக் குறிப்புகளை முதலில் வேறிடத்தில் பிரதி செய்துகொள்வது புத்தி.

கடையில் ஒரு சிறு சோதனையைத் தவறாது செய்யுங்கள். அகலத் திரையில் ஒரு படத்தை அரைமணி நேரம் ஓடவிடச் சொல்லுங்கள். படம் திக்காமல் ஓடுகிறதா என்று கண்ணால் பாருங்கள். விசிறி அலறுகிறதா என்று காதால் கேளுங்கள். பின் பெட்டியின் முதுகில் உள்ளங்கையை வையுங்கள். பத்து விநாடி பொறுத்துக் கையை வைத்திருக்க முடிகிறதென்றால் அது நம் வீட்டுக்கு வரத்தக்கது. அதற்கும் கடைக்காரர் சம்மதியாவிடில், ஹட்டன் கடைத்தெருவில் வேறு கடைகளும் உள்ளன.